பிசிறு எடுக்காத பாரம்பரியம்

"அந்தக் காலத்து டிசைன் சார், கொஞ்சம் டைட்டாத்தான் இருக்கும். ஓட ஓட ஃப்ரீ ஆயிடும்."

இந்த இரண்டு வாக்கியங்களை எதிர்த்துத்தான் இந்தக் கட்டுரை. பழைய பொருளைப் போலவே புதிதாகச் செய்து விற்கிற எல்லா இடத்திலும் இதைக் கேட்கலாம். பித்தளைத் தாழ்ப்பாள் விற்கிறவர் சொல்கிறார், மரப்பெட்டி விற்கிறவர் சொல்கிறார், மோட்டார் சைக்கிள் விற்கிறவர் சொல்கிறார். வாங்குகிறவரும் தலையாட்டுகிறார். கொஞ்ச நாளில் அதையே பெருமையாக நண்பரிடம் சொல்ல ஆரம்பிக்கிறார். குறையாக இருந்தது குணமாகிவிடுகிறது. "அதுதாங்க அதோட கேரக்டரே" என்கிறார்.

நான் ஃபிட்டர். ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தடத்தில் வாகன உதிரிபாகம் செய்யும் கம்பெனிகளில் 17 வருஷமாக வேலை பார்க்கிறேன். அசைய வேண்டிய ஒன்று இறுக்கமாக அசைந்தால் என் தொழிலில் அதற்கு ஒரே அர்த்தம்தான்: வேலை முடியவில்லை. யாரோ செய்ய வேண்டியதைச் செய்யாமல் அடுத்தவர் தலையில் கட்டியிருக்கிறார்கள். அந்த அடுத்தவர் யார் என்பதுதான் எனக்கு முக்கியம்.

முதலில் ஒரு துப்பாக்கியைப் பார்ப்போம். ஒரகடத்துக்கும் துப்பாக்கிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். இருக்கிறது, வருகிறேன்.

லயன் காமிக்ஸில் டெக்ஸ் வில்லர் படித்து வளர்ந்தவர்களுக்கு வின்செஸ்டர் துப்பாக்கியை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. விசைக்குப் பின்னால் வளையமாக ஒரு லிவர் இருக்கும். அதைக் கீழே தள்ளினால் உள்ளே முழங்கால் போல மடங்கும் இணைப்புகள் பின்னுக்கு இழுபடும், சுட்ட தோட்டாவின் கூடு வெளியே விழும், ஒரு பித்தளைத் தூக்கி அடுத்த தோட்டாவை மேலே கொண்டுவரும். லிவரை மேலே இழுத்தால் எல்லாம் உள்ளே போய்ப் பூட்டிக்கொள்ளும். 1873ஆம் ஆண்டு மாடல், ஏழு லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்டது. இன்று அதன் நகலை இத்தாலியில், பிரெஷா பக்கத்து கார்டோனே வால் த்ரோம்பியா பள்ளத்தாக்கில் செய்கிறார்கள். ஆல்டோ உபெர்ட்டி 1959இல் தொடங்கிய கம்பெனி அந்த வேலைக்குப் பேர்போனது.

நகல் துப்பாக்கி வாங்குகிறவர்கள் பலர் சொல்லும் புகார் ஒன்று உண்டு: லிவர் கனமாக இருக்கிறது. அதற்கு மூன்று காரணங்கள் இருக்கலாம். ஒன்று, ஸ்பிரிங் தேவைக்கு மேல் கடுமையாக இருக்கும். எல்லாத் துப்பாக்கியிலும் கட்டாயம் வேலை செய்யட்டும் என்று தொழிற்சாலையில் கொஞ்சம் தாராளமாகவே வைப்பார்கள். இரண்டு, வெட்டும் கருவி போன வழியில் விட்டுப்போன பிசிறு விளிம்பில் நிற்கும். மூன்று, உரசும் இரண்டு பரப்புகள் ஒன்றுக்கொன்று மட்டமாக இருக்காது.

இதைச் சரிசெய்கிற விதம் எங்கள் ஃபிட்டிங் பெஞ்சில் செய்வதேதான். பாகங்களைப் பிரித்துத் துடைத்து, பரப்பில் நீலச் சாயம் தடவி, மறுபடி பூட்டி, லிவரை நாலு தடவை அசைத்துப் பிரிக்க வேண்டும். சாயம் எங்கே அழிந்து உலோகம் பளிச்சென்று தெரிகிறதோ அங்கேதான் உரசல். அந்த இடத்தில் மட்டும் நயமான எண்ணெய்க்கல்லை வைத்து இழுக்க வேண்டும். மறுபடி சாயம், மறுபடி பூட்டு. சுடும் விசை மாட்டி நிற்கும் முனையின் பக்கம் கையே போகக் கூடாது. அது உயிர் சம்பந்தப்பட்ட இடம். நம் ஊரில் இதையெல்லாம் வீட்டில் உட்கார்ந்து செய்யவும் முடியாது. 1959ஆம் வருஷ ஆயுதச் சட்டத்தின்படி துப்பாக்கி பழுதுபார்க்கும் தொழிலுக்கே உரிமம் வேண்டும்.

வேலை எவ்வளவு சின்னது என்று பாருங்கள். அகற்றுவது ஒரு சிட்டிகை இரும்புத்தூள்கூட இருக்காது. மாறுவது முழுத் துப்பாக்கி. நல்ல நிலையில் இருக்கும் பழைய அசல் வின்செஸ்டரின் லிவர் எண்ணெயில் நழுவுவது போல ஓடும் என்பார்கள். செய்த காலத்தில் ஒருவர் உட்கார்ந்து பாகத்தோடு பாகம் பொருத்தினார். அதற்கப்புறம் எத்தனையோ பேர் ஆயிரக்கணக்கான முறை அசைத்தார்கள். நகல் எடுப்பவர்கள் வடிவத்தை மில்லிமீட்டர் பிசகாமல் எடுத்துவிடுகிறார்கள். அந்த மணிநேரங்களை எடுப்பதில்லை, அவற்றுக்கு வரைபடம் கிடையாது.

இப்போது இன்னொரு லிவர். 1871இல் பிரிட்டிஷ் ராணுவம் மார்ட்டினி–ஹென்றி துப்பாக்கியை ஏற்றுக்கொண்டது. லண்டனுக்கு வடக்கே என்ஃபீல்டு என்ற இடத்தில் இருந்த அரசாங்க ஆயுதத் தொழிற்சாலையில் அது செய்யப்பட்டது. இதிலும் லிவரைக் கீழே தள்ளித்தான் சுட்ட கூட்டை வெளியே எடுக்க வேண்டும். தோட்டாவின் கூடு மெல்லிய பித்தளைத் தகட்டைச் சுருட்டிச் செய்தது. வெயிலிலும் மணலிலும் தொடர்ந்து சுட்டால் கூடு உள்ளேயே சிக்கிக்கொள்ளும், லிவர் நகராது. 1885 ஜனவரி 17 அன்று சூடானில் அபூ க்ளியா என்ற இடத்தில் நடந்த சண்டையில் சிப்பாய்களின் துப்பாக்கிகள் இப்படிச் சிக்கியது பெரிய பேச்சாயிற்று. அதற்குப் பிறகு வந்த நான்காம் வகைத் துப்பாக்கியில் செய்த மாற்றங்களில் ஒன்று என்ன தெரியுமா? லிவரை நீளமாக்கினார்கள். நீளமான லிவர் என்றால் அதே கையால் இன்னும் பலமாக இழுக்கலாம்.

உள்ளே சிக்குகிறது. வெளியே லிவரை நீட்டுகிறார்கள். இந்த நீட்டிய லிவரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். இறுக்கத்தை வைத்துக்கொண்டு இழுப்பவனை இன்னும் பலமாக இழுக்கச் சொல்வது அன்றோடு முடிந்த பழக்கம் இல்லை.

அந்த என்ஃபீல்டு தொழிற்சாலைக்கு உதிரிபாகம் செய்துகொடுத்த ரெட்டிச் ஊர் சைக்கிள் கம்பெனிதான், 1890களின் தொடக்கத்தில் தன் பெயரை என்ஃபீல்டு என்று மாற்றிக்கொண்டது. 'ராயல்' பின்னால் சேர்ந்தது. துப்பாக்கி போலச் செய்யப்பட்டது என்பதே அதன் விளம்பர வாசகம். 1901இல் மோட்டார் சைக்கிள், 1930களின் தொடக்கத்தில் புல்லட். 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸோடு கூட்டுச் சேர்ந்து திருவொற்றியூருக்கு வந்தது. இங்கிலாந்தில் 1970 வாக்கில் மூடிவிட்டார்கள், இங்கே ஓடிக்கொண்டிருந்தது. 2013இல் ஒரகடம், 2017இல் வல்லம் வடகால். ஆக, துப்பாக்கித் தொழிற்சாலையின் பெயரைத் தாங்கிய ஒரு பழங்கால வடிவம், இன்று நெல்வயலாக இருந்த பூமியில், கன்வேயர் லைனில், புத்தம் புதிதாக இறங்கிக்கொண்டிருக்கிறது. பழம்பொருளின் நகல் என்று நம் ஊரில் ஒன்றைக் காட்டச் சொன்னால் நான் இதைத்தான் காட்டுவேன்.

அந்த வண்டியோடு எனக்குச் சண்டை இல்லை. அதன் பக்தர்களோடுதான் சண்டை. பழைய புல்லட்டைப் பற்றி எழுதப்படும் காதல் கட்டுரைகளைப் படித்திருப்பீர்கள். வலது காலில் கியர், உதைத்தால் கணுக்காலைத் திருப்பி அடிக்கும் கிக்கர், அதற்காகவே ஹேண்டில்பாரில் ஒரு டிகம்ப்ரஷன் லிவர், நியூட்ரல் விழாது என்பதற்காகக் குதிகாலால் அழுத்த இன்னொரு லிவர். இவ்வளவையும் பட்டியல் போட்டுவிட்டு "அதெல்லாம் ஆம்பளைங்க வண்டி" என்று முடிப்பார்கள். நியூட்ரல் விழாத கியர்பெட்டிக்கு நியூட்ரல் தேடிக்கொடுக்கத் தனி லிவர் வைப்பது என்ன? அதே நீட்டிய லிவர்தான். 2020இல் மீட்டியர் வண்டியிலும் 2021இல் புதிய கிளாசிக்கிலும் அதிர்வைக் குறைக்கும் பேலன்சர் தண்டோடு புது எஞ்சின் வந்தது. "சாஃப்ட் ஆயிடுச்சு, பழைய ஃபீல் போச்சு" என்று குறைப்பட்டவர்களை நானே கேட்டிருக்கிறேன்.

கை வலிப்பதில் ஒரு வீரம் இருக்கிறது என்று நினைப்பவர், வாரத்துக்கு ஒரு தடவை ஏலகிரிக்குப் போகிறவராக இருக்கும். சிங்கப்பெருமாள் கோயில் சாலையில் ஷிஃப்ட் விடுகிற நேரத்தில் வந்து பாருங்கள். கன்டெய்னர் லாரிக்கும் கம்பெனி பஸ்ஸுக்கும் நடுவில் நகர்ந்து நகர்ந்து போகிறவன் அரை மணியில் எத்தனை தடவை கிளட்ச் பிடிக்கிறான் என்று எண்ணுங்கள். அவனிடம் போய்க் கேரக்டர் என்று சொல்லுங்கள்.

கிளட்ச் லிவர் ஏன் இறுகுகிறது என்பதும் ரகசியம் இல்லை. கேபிள் உள்ளே காய்ந்திருக்கும். அல்லது போகிற வழியில் தேவையில்லாமல் வளைந்திருக்கும். வளைவு கூடக்கூட உராய்வு கூட்டல் கணக்கில் ஏறாது, பெருக்கல் கணக்கில் ஏறும். லிவர் மாட்டியிருக்கும் பின் துருப்பிடித்திருக்கும். ப்ளேட் வழுக்குகிறது என்று, வழுக்குவதற்கான காரணத்தைப் பார்க்காமல் கடுமையான ஸ்பிரிங்கைப் போட்டிருப்பார்கள். சுத்தம் செய்ய வேண்டிய இடத்தில் பலத்தைப் போடுவது. வேறு வழி இருக்கிறது என்பதற்கும் அதே கம்பெனியின் 650 வண்டிகளே சாட்சி. 2018இல் வந்த அந்த வண்டிகளின் கிளட்சுக்குள் சின்னச் சாய்தளங்கள் உண்டு. எஞ்சினின் இழுப்பே ப்ளேட்டுகளைச் சேர்த்து அழுத்த உதவுகிறது, அதனால் ஸ்பிரிங் இளகலாகவே இருக்கலாம், லிவரும் லேசாகும். இறுக்கம் விதி இல்லை. யோசித்தால் தீரும்.

"ஓட ஓட ஃப்ரீ ஆயிடும்" என்பதற்கு வருகிறேன். எறும்பு ஊரக் கல்லும் தேயும், வாஸ்தவம். எந்த இடத்தில் தேய வேண்டும் என்று எறும்புக்குத் தெரியாதே! பிசிறு தானாக உடைந்தால் அந்தத் தூள் எங்கே போகும்? எண்ணெயில் கலந்து அடுத்த பேரிங்கைத் தின்னும். உரசல் குறைந்தது என்று சந்தோஷப்படும்போது இன்னொரு இடத்தில் ஆட்டம் கண்டிருக்கும். எல்லாவற்றையும் கண்ணாடி மாதிரித் தேய்த்துவிடுவதும் வேலை ஆகாது. புது அம்மி வாங்கினால் அம்மாக்கள் தவிடும் அரிசியும் போட்டு அரைத்து அரைத்து மண் போக்குவார்கள். அதே அம்மி வழவழப்பானால் கொத்துகிறவரைக் கூப்பிடுவார்கள். எஞ்சின் சிலிண்டரின் உட்சுவரிலும் எண்ணெய் தங்குவதற்காகவே குறுக்கும் நெடுக்குமாகக் கீறல் விடுகிறோம். எங்கே வழவழப்பு, எங்கே சொரசொரப்பு என்று தெரிந்திருப்பதற்குப் பெயர்தான் தொழில். கடைக்காரர் விற்ற அம்மியைப் பழக்கியது வீட்டுப் பெண்களின் கை. அந்த உழைப்பு எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. கிளட்சின் கதையும் அதுதான்.

இனி பெஞ்சுக்கு வருவோம். ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படிப்பு இரண்டு வருஷம். தொடக்க மாதங்களில் ஒரு இரும்புப் பட்டையை அரத்தால் ராவிக்கொண்டே இருக்கச் சொல்வார்கள். ட்ரை ஸ்கொயரை வைத்து வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்க்கணும். இடுக்கில் வெளிச்சம் தெரிந்தால் மறுபடி ராவணும். பைத்தியக்கார வேலை மாதிரி இருக்கும். அந்த நாட்களில்தான் விரலுக்குக் கண் வருகிறது. அச்சடித்தோ கடைந்தோ வெட்டியோ வந்த பாகத்தின் விளிம்பில் பிசிறு இருக்கிறதா என்று பார்க்கக் கண் போதாது, விரல்தான் பார்க்கும்.

எங்கள் தடத்தில் இந்த வேலைக்கு டீபரிங் என்று பெயர். பல இடங்களில் அது லைனின் ஓரத்தில் இருக்கும் ஒரு மேஜை. அங்கே உட்கார்வது பெரும்பாலும் டிரெய்னி, அப்ரண்டிஸ், அல்லது ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ கான்ட்ராக்டர் அழைத்துவந்த பையன். கூலிப் பட்டியலில் 'ஹெல்பர்', திறன் தேவைப்படாத வேலை. செய்யாறு பக்கத்துத் தம்பி ஒருவன் என்னிடம் கேட்டான்:

"எவ்ளோ தேய்க்கணும்ண்ணா?"

"உரசுறது நிக்கிற வரைக்கும்."

"நின்னுடுச்சுன்னு எப்படித் தெரியும்?"

"விரல் சொல்லும்."

"என் விரல் ஒண்ணும் சொல்லலையே."

"சொல்லும்டா. ஒரு வருஷம் ஆகட்டும்."

அவனுக்கு அந்த ஒரு வருஷம் கொடுக்கப்படவில்லை. பயிற்சிக் காலம் முடிந்தது, கேட்டுக்கு வெளியே அனுப்பினார்கள், அடுத்த பேட்ச் வந்து உட்கார்ந்தது. கம்பெனியின் பெயர் வேண்டாம், இந்தத் தடத்தில் எதைச் சொன்னாலும் பொருந்தும். 1961ஆம் வருஷ அப்ரண்டிஸ் சட்டம் அவர்களைப் பயில்பவர்கள் என்கிறது, தொழிலாளிகள் இல்லை என்று தெளிவாகவே சொல்கிறது. 1981இல் தமிழ்நாடு ஒரு சட்டம் கொண்டுவந்தது: 24 மாதத்தில் 480 நாள் தொடர்ந்து வேலை செய்தவரை நிரந்தரம் ஆக்க வேண்டும். நல்ல சட்டம். அந்த 480 என்ற எண்ணைத் தொடவிடாமல் ஆளை மாற்றுகிற கணக்கும் கூடவே வளர்ந்தது. என் அனுபவத்தில், ஒரு கை பழுப்பதற்கும் ஏறக்குறைய அவ்வளவு நாள்தான் ஆகிறது. விரல் பேச ஆரம்பிக்கிற நேரத்தில் ஆளை அனுப்பிவிடுகிறோம். பிறகு கூட்டம் போட்டு "குவாலிட்டி ஏன் வரல?" என்று கேட்கிறோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பிசிறு எடுப்பது கைக்கு நல்ல வேலை இல்லை. அரம் பிடித்த காலம் போய்விட்டது. காற்றழுத்தத்தில் சுழலும் சின்ன கிரைண்டர்தான் இப்போது. எட்டு மணி நேரம் அது கையில் அதிர்கிறது. இது புதிதாகக் கண்ட விஷயமும் இல்லை. 1918இல் அமெரிக்காவின் இண்டியானாவில் காற்றுச் சுத்தியல் பிடித்த கல்லுடைக்கும் தொழிலாளர்களின் விரல்கள் வெளுத்து மரத்துப்போவதை ஆலிஸ் ஹாமில்டன் என்ற மருத்துவர் ஆராய்ந்து எழுதினார். நம் வெயிலில் விரல் வெளுப்பது சட்டென்று கண்ணில் படாது. மரத்துப்போவதும் ஊசி குத்துவதும் இருக்கும். ராத்திரி தூக்கத்தில் கையை உதறிக்கொண்டு எழுகிறவர்களை இங்கே வாடகை அறைகளில் பார்க்கலாம். வண்டி ஓட்டுகிறவரின் மணிக்கட்டிலிருந்து எடுத்த இறுக்கம் எங்கோ மறைந்துவிடுவதில்லை. சரியான கருவியும் ஆள்மாற்றி ஓய்வும் இல்லையென்றால் அது மேஜையில் உட்கார்ந்தவனின் விரலுக்கு இடம் மாறுகிறது.

அப்படியானால் பிசிறு இருந்துவிட்டுப் போகட்டுமா? அது பதில் இல்லை. அந்த வேலைக்கு உரிய நேரத்தையும் கூலியையும் கொடுப்பதுதான் பதில். ஒரு பாகத்துக்கு இத்தனை வினாடி என்று சைக்கிள் டைம் போடுகிறபோது வெட்டுவதற்கு, துளைப்பதற்கு, பூட்டுவதற்கு எல்லாம் நேரம் ஒதுக்குகிறார்கள். பிசிறு எடுப்பதற்கு மட்டும் "இருக்கிற நேரத்துல பார்த்துக்கோ" என்கிறார்கள். அந்தச் சில வினாடிகளை மிச்சம் பிடித்ததைத்தான் ஷோரூமில் பாரம்பரியம் என்று விற்கிறார்கள்.

2018 செப்டம்பரில் ஒரகடத்தில் ராயல் என்ஃபீல்டு ஆலையிலும் வல்லத்தில் யமஹா ஆலையிலும் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். நான் படித்த புல்லட் காதல் கட்டுரை எதிலும் அந்த மாதம் வரவில்லை. திருவொற்றியூர் வரும், ரெட்டிச் வரும், இமயமலை கட்டாயம் வரும். வண்டியைச் செய்தவர்கள் வர மாட்டார்கள். பழமையைக் கொண்டாடுகிறோம் என்கிறவர்கள், பழைய பொருளை வழவழப்பாக்கியதே கைகள்தான் என்பதை ஒரு வரிகூட எழுதாமல் இருப்பது எப்படிப்பட்ட கொண்டாட்டம்?

நான் கேட்பது பெரிதில்லை. டீபரிங் மேஜையைத் திறன் தேவைப்படும் வேலை என்று கூலிப் பட்டியலில் எழுதுங்கள். அதற்கு வினாடி ஒதுக்குங்கள். அதிர்வு குறைந்த கருவி கொடுங்கள், இரண்டு மணிக்கு ஒருமுறை ஆளை மாற்றுங்கள். விரல் பழுத்தவனை 480 நாளுக்கு முன்னால் துரத்தாதீர்கள்.

வாங்குகிறவரிடமும் ஒன்று கேட்கிறேன். ஷோரூமில் லிவரைப் பிடித்துப் பாருங்கள். லேசாக, ஒரே சீராக வந்தால் யாரோ ஒருவர் தன் வேலையை முடித்துவிட்டுப் போயிருக்கிறார். இறுக்கமாக இருந்து, பக்கத்தில் நிற்பவர் "அந்தக் காலத்து டிசைன் சார்" என்று ஆரம்பித்தால் பாதியில் நிறுத்திக் கேளுங்கள்: "மீதி வேலைய யார் செய்வாங்க?"